பேட்டரி போச்சு என்றார்களா? எதை அளந்தார்கள் என்று கேளுங்கள்

மாணவர்களே, உங்கள் வீட்டு வாசலிலோ பக்கத்து வீட்டிலோ 2011 முதல் 2013 வரை பதிவான கார் நின்றால், அதன் பின்கதவைச் சற்றுப் பாருங்கள். 'ஹைப்ரிட்' என்ற சின்னம் இருக்கிறதா? ஹோண்டா இன்சைட், ஜேஸ் ஹைப்ரிட், டொயோட்டா பிரியஸ், பிரியஸ் சி ஆகியவை அந்த ஆண்டுகளில் நம் சாலைகளுக்கு வந்தவை. சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வரும் குடும்பத்திற்கு, இரண்டு மூன்று கை மாறி வந்த ஹைப்ரிட் நல்ல பேரமாகத் தெரியும். விலை மலிவு, பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். வாங்கும்போது டயரைப் பார்ப்போம், பெயிண்டைப் பார்ப்போம், ஏர்கோன் குளிர்கிறதா என்று பார்ப்போம். பின்னிருக்கைப் பக்கம் ஒளிந்திருக்கும் பெரிய பேட்டரி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்க மாட்டோம்.

இந்தக் கார்கள் ஒரே காலத்தில் வந்ததற்குக் காரணம் உண்டு. 2011ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்கம், 2,000 சிசிக்கு உட்பட்ட ஹைப்ரிட் கார்களுக்கு இறக்குமதி வரியையும் கலால் வரியையும் முழுமையாக விலக்கியது. சலுகை 2013 இறுதிவரை நீண்டது. இன்சைட் ஒரு லட்சம் வெள்ளிக்குக் கீழே விற்பனைக்கு வந்தது. ஜேஸ் ஹைப்ரிட்டைப் பின்னர் மலாக்காவில், பெகோ தொழிற்சாலையிலேயே பூட்டத் தொடங்கினார்கள். அந்த அலையில் வந்த கார்கள் எல்லாம் இன்று பன்னிரண்டு வயதைக் கடந்துவிட்டன. உத்தரவாதக் காலம் முடிந்து, பழுது வரும் காலம் வந்திருக்கிறது.

ஒரு நாள் காலையில் முன்பலகையில் மஞ்சளோ சிவப்போ ஒரு விளக்கு எரியும். அப்பா பட்டறைக்குக் கொண்டுபோவார். ஃபோர்மேன் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஹைப்ரிட் பேட்டரி போச்சு அண்ணே, மாத்தணும்" என்பார். தொகை பல ஆயிரம் வெள்ளி. அன்று இரவு வீட்டில் இரண்டு பேச்சுதான் நடக்கும். கடன் வாங்கியாவது மாற்றிவிடலாம் என்பது ஒன்று. வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புதுக் காருக்கு முன்பணம் கட்டலாம் என்பது இன்னொன்று. இரண்டில் எது சரி என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் இரண்டுமே பெரும்பாலும் எதையும் அளந்து பார்க்காமல் எடுக்கப்படும் முடிவுகள் என்பதுதான் என் குறை. படிவம் நான்கு, ஐந்து படிக்கும் உங்களால் அந்த இரவுப் பேச்சுக்குள் ஓர் எண்ணையாவது கொண்டுவர முடியும் என்பதால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

'பேட்டரி' என்று ஒருமையில் சொல்கிறோம். உள்ளே இருப்பது ஒன்றல்ல. 2009க்குப் பிறகு வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸில் 28 மாட்யூல்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு மாட்யூலிலும் 6 செல்கள், ஒவ்வொரு செல்லும் 1.2 வோல்ட். பெருக்கிப் பாருங்கள்: 168 செல்கள், 201.6 வோல்ட். பிரியஸ் சியில் 20 மாட்யூல்கள், 144 வோல்ட். இன்சைட்டில் 84 செல்கள், 100.8 வோல்ட். எல்லாமே நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மறுமின்னேற்ற பேட்டரி ஒன்றை நீங்கள் கையில் பிடித்திருந்தால், அதே வேதியியல்தான் இங்கும்.

இந்தச் செல்கள் அனைத்தும் தொடர் இணைப்பில் இருக்கின்றன. தொடர் இணைப்பில் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும் என்று படித்திருப்பீர்கள். தேர்வுக்கு அது ஒரு மதிப்பெண். காருக்கு அதுதான் தலையெழுத்து. கோயில் திருவிழாவில் வரிசையாக நின்று தண்ணீர் வாளியைக் கைமாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒருவருக்கு மட்டும் கை வலி. மற்ற இருபத்தேழு பேரும் பலசாலிகளாக இருந்தாலும் வாளி அவர் வேகத்தில்தான் நகரும். அவரை விரட்டினால் அவருக்கு இன்னும் வலிக்கும். தளர்ந்த செல்லுக்கும் இதே கதிதான். காரை ஓட்டும்போது அது மற்றவற்றுக்கு முன்பே காலியாகிவிடும். மின்னேற்றும்போது மற்றவற்றுக்கு முன்பே நிரம்பிவிடும். நிரம்பிய பிறகும் மின்னோட்டம் உள்ளே நுழைந்தால் அது வெப்பமாக மாறும். வெப்பம் அந்தச் செல்லை மேலும் தளர்த்தும். 168இல் ஒன்று தளர்ந்தாலே விளக்கு எரிந்துவிடும். மீதி 167 எப்படி இருக்கின்றன என்பதை விளக்கு சொல்லாது.

டொயோட்டா ஹைப்ரிட்களில் இந்த நிலையில் ஸ்கேனர் காட்டும் குறியீடு பி0ஏ80. அதற்கு நேரே எழுதியிருக்கும் விளக்கமே 'ஹைப்ரிட் பேட்டரியை மாற்றவும்' என்பதுதான். ஃபோர்மேன் அதை அப்படியே வாசிக்கிறார், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கணினி உண்மையில் கண்டது வேறு. பிரியஸில் 28 மாட்யூல்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து 14 தொகுதிகளாகக் கணினி அளக்கிறது. ஒரு தொகுதிக்கும் மற்றவற்றுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு எல்லை மீறியது. கணினி கண்டது அவ்வளவே. 'பேட்டரியை மாற்று' என்பது அந்த அளவீட்டிலிருந்து எடுத்த முடிவு. அளவீடு வேறு, முடிவு வேறு. அறிவியல் பாடத்தில் உற்றறிதல், ஊகித்தல் என்று இரண்டைப் பிரித்துப் படித்தோமே, அது இதற்குத்தான். மாட்யூல்களை இணைக்கும் செம்புப் பட்டைகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தாலும் அதே வேறுபாடு தோன்றலாம். அதைச் சுத்தம் செய்ய ஆகும் செலவும் புதுப் பேட்டரியின் விலையும் ஒன்றா?

ஆகவே முதல் கேள்வி: 14 தொகுதிகளின் எண்களையும் காட்டுங்கள். கார் சும்மா நிற்கும்போது எடுத்த எண்கள் மட்டும் போதாது. படிவம் ஐந்து இயற்பியலில் 'ரிந்தாங்கான் டாலாம்' என்று வரும் அகத்தடைப் பாடத்தை நினைத்துப் பாருங்கள். மின்னோட்டம் ஓடாதபோது தளர்ந்த தொகுதியும் நல்ல பிள்ளையாக 16 வோல்ட் காட்டும். ஓடும்போதுதான் வேஷம் கலையும். கணக்குக்காக, நல்ல தொகுதியின் அகத்தடை 0.04 ஓம், தளர்ந்ததன் அகத்தடை 0.08 ஓம் என்று கொள்வோம். கார் வேகம் எடுக்கும்போது 50 ஆம்பியர் ஓடுகிறது. நல்லது 2 வோல்ட் இறங்கி 14இல் நிற்கும். தளர்ந்தது 4 வோல்ட் இறங்கி 12க்கு வந்துவிடும். வெப்பத்தையும் கணக்கிடுங்கள். மின்னோட்டத்தின் இருபடியைத் தடையால் பெருக்கினால் ஒன்றில் 100 வாட், மற்றதில் 200 வாட். மூடிய பெட்டிக்குள் ஒரே இடத்தில் இரண்டு மடங்கு சூடு.

வெப்பத்தை இவ்வளவு சொல்வதற்குக் காரணம், இந்தப் பேட்டரிகளின் பெரிய எதிரி ஓட்டிய கிலோமீட்டர் மட்டுமல்ல, சூடும்தான். நம் ஊர் வெயிலில் நாள் முழுதும் நிறுத்திய காரின் உட்புறத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரியஸில் பேட்டரியைக் குளிர்விக்க ஒரு சிறிய விசிறி இருக்கிறது. அது பயணிகள் அமரும் பகுதியிலிருந்தே காற்றை இழுக்கும். பின்னிருக்கையின் ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற துவாரம்தான் அதன் மூக்கு. அதன்மேல் உங்கள் புத்தகப்பையைப் போட்டுக்கொண்டு எத்தனை நாள் பள்ளிக்குப் போயிருக்கிறீர்கள்? தூசியும் நாய் பூனை முடியும் உள்ளே போய் விசிறியை அடைத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து துடைத்தால் பல ஆயிரம் வெள்ளிச் செலவு சில ஆண்டுகள் தள்ளிப்போகலாம். மலிவான வேலை என்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்னொன்றையும் பார்ப்போம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறி இறங்கியிருப்பீர்கள். இறக்கத்தில் ஹைப்ரிட் காரின் மோட்டார், மின்னாக்கியாக மாறிப் பேட்டரியை நிரப்புகிறது. எவ்வளவு நிரப்பும்? ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார் 100 மீட்டர் உயரம் இறங்கினால் அது இழக்கும் நிலையாற்றல் 1,400 × 9.8 × 100, அதாவது ஏறக்குறைய 13.7 லட்சம் ஜூல். கிலோவாட் மணியில் 0.38. இன்சைட்டின் பேட்டரி முழுவதுமாகவே 0.58 கிலோவாட் மணிதான். அதிலும் பேட்டரியின் ஆயுளைக் காப்பதற்காகக் கணினி ஒரு பகுதியை மட்டுமே பயன்படுத்த விடும். காற்றின் எதிர்ப்பிலும் டயரின் உராய்விலும் கொஞ்சம் போனாலும், ஒரு நீண்ட இறக்கத்திலேயே பேட்டரி நிரம்பிவிடுவது இதனால்தான். இறக்கத்தில் பேட்டரி சட்டென்று நிரம்புவதும் ஏற்றத்தில் சட்டென்று இறங்குவதும் நோயின் அறிகுறி என்று எண்ணி ஓடாதீர்கள். பேட்டரியே அவ்வளவு சிறியது. ஆனால் மேட்டுக்குப் போகாமல் சமதளத்திலேயே அளவுகோல் நிமிடத்துக்கு நிமிடம் மேலும் கீழும் குதித்தால் சந்தேகப்படலாம்.

சரி, அளந்தாயிற்று, ஒரு தொகுதி மட்டும் தளர்ந்திருக்கிறது. என்ன செய்யலாம்? பட்டறைகளில் மூன்று வழிகள் சொல்வார்கள். தளர்ந்த மாட்யூலை மட்டும் மாற்றுவது மிக மலிவு. ஜப்பானிலிருந்து வந்த 'ஹாஃப் கட்' காரின் பழைய பேட்டரியை முழுதாக எடுத்துப் பொருத்துவது இரண்டாவது. புதிய செல்களால் ஆன பேட்டரி வாங்குவது மூன்றாவது, விலை கூடியது.

முதல் வழியைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய தோட்டத்து லயத்தின் தகரக் கூரையை எண்ணிப் பாருங்கள். ஓர் ஓட்டையை அடைத்த அடுத்த மழையில் பக்கத்தில் ஒழுகும். தகரம் முழுவதும் ஒரே வயது, ஒரே வெயில். பன்னிரண்டு வயதுப் பேட்டரியில் ஒரு மாட்யூல் தளர்ந்தால், அதே பெட்டியில், அதே சூட்டில் இருந்த மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்றுதான் கொள்ள வேண்டும். 27 மாட்யூல்களும் சுமையில் நன்றாக இருக்கின்றன என்று எண்களைக் காட்டி, மாற்றும் மாட்யூலின் கொள்ளளவு மற்றவற்றுக்கு ஒத்திருக்கிறது என்றும் காட்டினால், அந்த வேலையில் தவறில்லை. எண்கள் இல்லாமல் 'ஒன்றை மாத்திட்டேன், இனி ஓடும்' என்றால் அது தவணை வாங்கும் வேலை. ஹாஃப் கட் பேட்டரியில் வேறு சிக்கல் உண்டு. ஓடாமல் கிடந்தாலும் இந்தச் செல்களுக்கு வயதாகும். 'மைலேஜ் கம்மி' என்பதால் பேட்டரி இளமையானது என்று ஆகாது. அங்கேயும் சுமையில் எடுத்த எண்களைத்தான் கேட்க வேண்டும்.

விளக்கு எரிந்ததும் பெரிய பேட்டரிமேல் பழி போடுவதற்கு முன்பு சின்னவர்களையும் விசாரிக்க வேண்டும். ஹைப்ரிட் காரில் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் தனியாக இருக்கிறது. கணினிகளை எழுப்புவதும், பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சுகளை மூடுவதும் அதன் வேலை. அது தளர்ந்தால் முன்பலகை தீபாவளி விளக்குபோல் எரியும், கார் எழுந்திருக்காது. டொயோட்டாவில் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக மாற்றும் இன்வெர்ட்டருக்குத் தனிக் குளிர்நீர் ஓட்டமும் சிறிய மின்பம்பும் உண்டு. அந்தப் பம்பு நின்றால் இன்வெர்ட்டர் சூடாகிக் கார் நடுவழியில் நிற்கும். பம்பின் விலையையும் இன்வெர்ட்டரின் விலையையும் ஒப்பிட்டால் கொசுவும் யானையும்தான்.

இந்த எண்களை நீங்களே பார்க்க முடியுமா? முடியும், அதுவும் ஆபத்தில்லாமல். ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி எனப்படும் செருகுவாய் இருக்கிறது. கைப்பேசியோடு கம்பியில்லாமல் இணையும் சிறு கருவியை அதில் செருகி, ஹைப்ரிட்டுக்கென்று உள்ள செயலியைத் திறந்தால் பிரியஸில் 14 தொகுதிகளும் பட்டை பட்டையாகத் திரையில் தெரியும். அப்பா ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பட்டை மட்டும் தனியாக இறங்குகிறது? குறித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு கருவி வாங்க வேண்டியதுகூட இல்லை. துன் சம்பந்தன் பிறந்த ஊர் சுங்கை சிப்புட். ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். அந்த ஊரில் ஒரு தாமானுக்கு ஒரு கருவி வாங்கிப் பகிர்ந்துகொள்வதா பெரிய காரியம்?

பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். இணையத்தில் ஒருவர் வீட்டுக் கூடத்தில் ஹைப்ரிட் பேட்டரியைப் பிரித்து, மாட்யூலை மாற்றி, திரும்பப் பூட்டும் காணொளிகள் நிறைய இருக்கின்றன. பள்ளி ஆய்வகத்தில் நாம் தொடுவது 1.5 வோல்ட், 3 வோல்ட். இங்கே இருப்பது 100 முதல் 200 வோல்ட் வரை நேர்மின்னோட்டம். மூன்றாம் தலைமுறை பிரியஸின் இன்வெர்ட்டர் அதை 650 வோல்ட் வரை உயர்த்துகிறது. ஆரஞ்சு நிறக் கம்பி எங்கே தெரிந்தாலும் அது உயர் மின்னழுத்தம் என்று பொருள். பாதுகாப்புச் செருகியைக் கழற்றிய பின்பும் இன்வெர்ட்டரின் மின்தேக்கிகள் வடிவதற்குக் குறைந்தது 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். அப்படிக் கழற்றினாலும் மாட்யூல்கள் தம்முள் இருக்கும் மின்னழுத்தத்தை விட்டுவிடுவதில்லை. செல்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தோலையும் கண்ணையும் எரிக்கும். உயர் மின்னழுத்தக் கையுறையும் பயிற்சியும் இல்லாத ஃபோர்மேனையே நான் அந்தப் பெட்டியைத் திறக்க விடமாட்டேன்.

இனிப் பணக் கணக்கு. இங்கேதான் பெரியவர்கள் தவறான அளவுகோலைப் பிடிப்பதைப் பார்க்கிறேன். 'பெட்ரோலில் மிச்சம் பிடித்துப் பேட்டரி செலவை எடுத்துவிடலாம்' என்பார்கள். எடுக்க முடியுமா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போய்வர ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர். ஹைப்ரிட் 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டரும் சாதாரணக் கார் 7 லிட்டரும் குடிப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு மிச்சம் 360 லிட்டர். லிட்டர் 2 வெள்ளி என்றால் 720 வெள்ளி. பேட்டரிக்கு 5,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், பெட்ரோல் மிச்சத்தில் அதை எடுக்க ஏழு ஆண்டு ஆகும். பன்னிரண்டு வயதுக் கார் அதற்குள் பத்தொன்பது வயதாகிவிடும்.

அப்படியானால் மாற்றக்கூடாதா? அவசரப்படாதீர்கள். ஒப்பிட வேண்டியது பெட்ரோலோடு அல்ல, மாற்று வழியோடு. புதுப் பேட்டரியோடு கார் இன்னும் மூன்று ஆண்டு ஓடும் என்றால், 5,000ஐ 36 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 139 வெள்ளி. வேறு பழுதுகளுக்கென்று 3,000 வெள்ளி ஒதுக்கினாலும் 222 வெள்ளி. இன்னொரு காருக்கு மாதம் 500 வெள்ளி தவணை கட்டினால் அதே மூன்று ஆண்டில் 18,000 வெள்ளி போகும், கடன் அப்போதும் முடிந்திருக்காது. இதே கணக்கில் மலிவான ஒட்டு வேலையையும் நிறுத்துப் பாருங்கள். 1,500 வெள்ளி கொடுத்துச் செய்த வேலை ஆறு மாதம் தாங்கினால் மாதம் 250 வெள்ளி. மூன்று வழிகளில் மலிவானது என்று நினைத்தது புதுப் பேட்டரியைவிட விலை கூடிப்போனது. என் எண்களை நம்ப வேண்டாம், உங்கள் வீட்டு எண்களைப் போடுங்கள். செலவைத் தாங்கும் மாதங்களால் வகுக்கும் அந்த ஒரு படியை மட்டும் விடாதீர்கள்.

கணக்கு சரியாக வர, மீதிக் கார் நல்ல நிலையில் இருக்க வேண்டும். எஞ்சின் தண்ணீர் குடிக்கிறது, கியர்பெட்டி உதறுகிறது, பிரேக் எச்சரிக்கையும் சேர்ந்து எரிகிறது என்றால் புதுப் பேட்டரி வாங்குவது ஓட்டைப் பானைக்குப் புது மூடி போடுவதுதான். அப்போது விற்றுவிடுவதே நல்லது என்பேன், விளக்கு எரிவதை மறைக்காமல் சொல்லி விற்பதானால். இன்னொரு வேறுபாடும் தெரிந்திருக்கட்டும். இன்சைட், ஜேஸ் ஹைப்ரிட் ஆகியவற்றில் மின்மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்கும் துணைதான். பேட்டரி தளர்ந்தாலும் கார் சோம்பலாக ஓட வாய்ப்புண்டு, விசாரிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். டொயோட்டாவில் எஞ்சினை எழுப்புவதே பெரிய பேட்டரியின் மின்சாரம்தான். அது முழுதாகப் போனால் கார் நகராது. எச்சரிக்கை விளக்கோடு இன்னும் இரண்டு மாதம் ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் எந்தக் கார் வைத்திருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கழற்றிய பேட்டரி எங்கே போகிறது என்பதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். இந்தச் செல்களின் எதிர்முனையில் நிக்கலோடு லாந்தனம், சீரியம் முதலிய அரிய மண் தனிமங்கள் கலந்திருக்கின்றன. இந்தக் குடும்பத் தனிமங்களின் கதை பேராக்காரர்களுக்குப் புதிதல்ல. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் 1982இல் ஏஷியன் ரேர் எர்த் ஆலை இயங்கத் தொடங்கியது. ஈயச் சுரங்கக் கழிவில் கிடைத்த மோனசைட்டிலிருந்து அரிய மண்ணைப் பிரித்தெடுத்தது. பிரித்தபின் மிஞ்சிய கழிவில் கதிர்வீச்சுள்ள தோரியம் இருந்தது. ஊர் மக்கள் வழக்காடினார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறியபோதும் 1994இல் ஆலை மூடப்பட்டது. காரில் இருக்கும் பேட்டரியில் கதிர்வீச்சு இருக்கிறது என்று யாரும் பயப்பட வேண்டாம், அப்படி இல்லை. ஆனால் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு கிராம் உலோகத்துக்கும் எங்கோ ஓர் ஊர் விலை கொடுத்திருக்கிறது. நன்றாக இருக்கும் 160 செல்களைத் தளர்ந்த சிலவற்றுக்காகத் தூக்கி எறிவதில் எனக்கு இருக்கும் தயக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். எறியத்தான் வேண்டுமென்றால், உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் போகிறதா என்று பட்டறையில் கேளுங்கள்.

பட்டறை வேலைக்கு எப்போதும் ரசீது வாங்குங்கள். எந்தத் தொகுதி, எத்தனை வோல்ட், எந்த மாட்யூல் மாற்றப்பட்டது, எத்தனை மாத உத்தரவாதம் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சேவைக்கும் பொருந்தும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளிவரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம். ஆனால் தாள் வேண்டும். அதே சட்டம், உதிரிப்பாகமும் பழுதுபார்க்கும் வசதியும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கத் தயாரிப்பாளர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. 'நியாயமான காலம்' என்பது எத்தனை ஆண்டு என்று சட்டத்தில் எண் இல்லை. பேட்டரி உள்ள கார்களுக்காவது ஓர் எண் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அரசாங்கம் வாங்குவதற்குத் தந்த சலுகையில் ஒரு சிறு பங்கையாவது பழுதுபார்ப்பதற்கும் தந்திருக்கலாம். பழைய ஹைப்ரிட் கைமாறும்போது நடக்கும் பரிசோதனையில் தொகுதி வாரியான பேட்டரி அளவும் அச்சிட்டுத் தரப்பட வேண்டும். வாங்குபவர் தெரிந்து வாங்குவார், விற்பவர் ஏமாற்ற முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பேட்டரி விதிமுறையின்படி, 2027 பிப்ரவரி முதல் அங்கே விற்கப்படும் மின்சாரக் கார் பேட்டரிகளுக்கு மின்னியல் 'கடவுச்சீட்டு' இருக்கும். பேட்டரி எங்கே பிறந்தது, எதனால் ஆனது என்ற விவரம் அதில் இருக்கும்.

ஹைப்ரிட்டில் நடந்தது மின்சாரக் காரிலும் நடக்கப்போகிறது. 2022 முதல் 2025 இறுதிவரை இறக்குமதி மின்சாரக் கார்களுக்கு வரிவிலக்கு இருந்தது. புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரான இ.மாஸ் 7ஐ 2024 டிசம்பரில் வெளியிட்டது. 2022இல் வந்த மின்சாரக் காருக்கு 2034இல் பன்னிரண்டு வயது. அதற்குள் அதுவும் இரண்டு மூன்று கை மாறி, விலை இறங்கி, சுங்கை சிப்புட் போன்ற ஊர்களின் வாசல்களுக்கு வந்திருக்கும். அதில் இருப்பது ஒரு கிலோவாட் மணிப் பேட்டரி அல்ல, ஐம்பது அறுபது கிலோவாட் மணிப் பேட்டரி. ஃபோர்மேன் சொல்லும் தொகையும் அதற்கேற்ப இருக்கும்.

அந்தப் பெட்டியை முறையாகத் திறந்து, அளந்து, தளர்ந்த பகுதியை மட்டும் மாற்றித் தரத் தெரிந்த ஆள் அப்போது இந்த ஊரில் இருப்பாரா? நாட்டின் முதல் பாலிடெக்னிக் ஈப்போவிலேயே இருக்கிறது, 1969இல் தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக். தொழிற்கல்லூரிகளும் இருக்கின்றன. எஸ்.பி.எம். முடித்ததும் எங்கே விண்ணப்பிப்பது என்று யோசிக்கும்போது, 'மெக்கானிக் வேலையா' என்று முகம் சுளிக்கும் உறவினர்களுக்கு 650 வோல்ட் கணக்கைக் காட்டுங்கள். விண்ணப்பிக்கும் முன் அந்தக் கல்லூரியிடம் ஒன்றைக் கேளுங்கள்: உயர் மின்னழுத்தப் பேட்டரியில் செய்முறைப் பயிற்சி எத்தனை மணி நேரம்?